அப்பாவுக்குப் புரோட்டீன் மா கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, விவசாயி. நாலு மாதத்துக்கு முன்னர் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டியதால் வந்தது என்றார்கள். பிரஷரும் சீனியும் பல வருடமாக இருக்கிறது. அஸ்பிரின், அட்டோவஸ்டட்டின், மெட்ஃபோமின், பிரஷர் குளிசை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறார். இப்போது பொல்லு பிடித்து வளவுக்குள் நடப்பார். வலது கை கொஞ்சம் அசையும், விரல் விரியாது. 62 கிலோ இருந்தவர் 54க்கு வந்துவிட்டார். ஊட்டினால் நாலு வாயோடு போதும் என்று விடுவார். கட்டாரில் இருக்கும் தம்பி ஜிம்முக்குப் போகிறவன். வே புரோட்டீன் டின், கிரியேட்டின், மீன் எண்ணெய் மாத்திரை, விற்றமின் ஈ, ஜின்கோ மூலிகை மாத்திரை என்று ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறான். டம்பெல் வாங்கித் தூக்க வைக்கவும் சொல்கிறான். பெரியம்மாவோ வாதக்காரருக்கு முட்டை, மீன், பருப்பு ஆகாது, பாரம் தூக்கினால் கை இன்னும் இறுகிப் போகும் என்கிறா. அப்பா எங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "பெரும்போகத்துக்கு வட்டைக்குப் போவேனா?" வட்டை என்றால் எங்கள் வயல்வெளி. நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, டின்னையும் டம்பெல்லையும் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த வரி, "ஊட்டினால் நாலு வாயோடு போதும் என்று விடுவார்" என்பதுதான். அப்பாவுக்கு விழுந்தது வலது கை. அறுபது வருடம் அந்தக் கையால் பிசைந்து சாப்பிட்ட மனிதர். இடது கையைச் சோற்றில் வைக்க அவருக்கு மனம் வராது. மகள் ஊட்ட, வந்து போகிறவர்கள் பார்த்திருக்க, வாயைத் திறக்கவும் மனம் வராது. பசி இல்லை என்று வீட்டில் நினைப்பார்கள். பசி இருக்கும், வெட்கம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

எனக்கு இதைப் புரிய வைத்தவர் வாவியில் வீச்சுவலை எறிந்து பிழைத்த ஒருவர். என்னிடம் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பயிற்சிக்கு வரும்போதெல்லாம் ஐந்து நிமிடத்தில் களைத்துப் போவார். நானும் இருதயமோ, இரத்தக் குறைவோ என்று எங்கெங்கோ தேடினேன். ஒரு நாள் மனைவி கொண்டுவந்த சோற்றுப் பார்சலை விரித்து, இடது கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன். கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பார்சலில் மீன் முள் மட்டும்தான் கிடந்தது.

அதனால் இன்றைக்கே செய்யக்கூடியது இது. இடது கைக்குப் பிடி தடித்த ஒரு கரண்டி கொடுங்கள். மெல்லிய பிடி என்றால் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். தட்டையான பீங்கானை விட விளிம்பு உயர்ந்த கோப்பை நல்லது. அடியில் ஈரத்துணி போட்டால் ஓடாது. வலது கை மடியில் சும்மா கிடக்க வேண்டாம், எடுத்துக் கோப்பையின் விளிம்பில் வையுங்கள். வேலை செய்யாவிட்டாலும் சாப்பாட்டில் அதற்கும் ஒரு இடம் இருக்கட்டும். பிறகு அவரைத் தனியே விடுங்கள், ஆனால் காது கேட்கும் தூரத்தில் இருங்கள்.

காது எதற்கு என்றால், விழுங்குவதைக் கவனிக்க. தேத்தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்து முடிந்ததும் குரல் நீருக்குள் இருந்து வருவது போல் கேட்கிறதா, வலது கன்னத்துக்குள் சோறு தங்கி நிற்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரியில் விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டும் வரை புரோட்டீன் மாவைத் தொடவே வேண்டாம். தண்ணீர் போல ஓடும் பானம்தான் மூச்சுக்குழாய்க்குள் முதலில் நழுவும். ஜிம் பொடியன்கள் குலுக்கிக் குடிப்பது அப்படியான பானம்தான். இன்னொன்று, பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வரும். அதுவும் சாப்பாட்டை நிறுத்தும். கிளினிக்கில் இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சரி, நிறைக்கு வருவோம். 62இல் இருந்து 54 என்றால் எட்டுக் கிலோ, அதாவது 13 வீதம், அதுவும் நாலே மாதத்தில். ஆறு மாதத்துக்குள் பத்து வீதத்துக்கு மேல் இறங்கினாலே அதைக் கடுமையான போசணைக் குறைவாகத்தான் எடுப்பார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 4,000க்கு மேற்பட்ட பாரிசவாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வழமையான சாப்பாடும், மற்றவர்களுக்கு அதோடு சேர்த்துச் சத்துப்பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பானம் குடித்தவர்கள் மற்றவர்களை விட நன்றாகத் தேறவில்லை. ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் மெலிந்தவர்கள் அல்ல. உங்கள் அப்பா மெலிந்தவர். ஆகவே அந்த ஆய்வைக் காட்டி "ஒன்றும் தேவையில்லை" என்று தம்பியின் வாயை அடைக்க மாட்டேன். அப்பாவுக்குப் புரதம் தேவை. அது எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடு.

நோயில் இருந்து தேறும் வயதானவர்களுக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. 54 கிலோவுக்கு 65 கிராம் வரும். எங்கள் பக்கத்துப் பத்தியச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள்: காலையில் பாண் நாலு துண்டும் சம்பலும், மத்தியானம் சோறும் கத்தரிக்காயும் சொதியும், இரவில் ஐந்து இடியப்பம். எல்லாம் முழுதாகச் சாப்பிட்டாலும் 30 கிராமைத் தாண்டுவது கஷ்டம். நாலு வாயோடு நிறுத்துகிறவருக்கு அதில் பாதி போகுமோ என்னவோ.

பெரியம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். நாட்டு வைத்தியர் யாராவது உள்ளுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் பத்தியம் சொல்லியிருந்தால், எத்தனை நாளைக்கு என்று அவரிடமே போய்க் கேளுங்கள். சிலர் ஒரு கிழமைக்குச் சொன்னதை வீட்டார் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மீனும் முட்டையும் பருப்பும் மூளையில் கட்டிய இரத்தத்தை ஒன்றும் செய்யாது. அவற்றை நிறுத்தினால் கரைவது தசைதான், அதுவும் விழுந்த பக்கத்துத் தசை முதலில்.

காலையில் ஒரு முழு முட்டையும் இன்னும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும் 13 கிராம் கொடுக்கும். மத்தியானம் உள்ளங்கை அளவு மீன், சுமார் நூறு கிராம், 20 கிராமுக்குக் குறையாது. சூரையோ, பாரையோ, குளத்துத் திலாப்பியாவோ, அன்றைக்கு எது மலிவோ அது. முள்ளை நீங்களே எடுத்துவிடுங்கள், இடது கைக் கரண்டியால் முள் எடுக்க ஏலாது. கெட்டியான பருப்பு அரைக் கப் 8 கிராம் வரும். பின்னேரம் எருமைத் தயிர் ஒரு சின்னக் கப், சீனியோ பாணியோ ஊற்றாமல். இரவில் அவித்த கடலை அல்லது கௌபி. காலையில் பாணோடு பயறு அவித்துக் கொடுத்தாலும் சரி. மூன்று நேரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது முக்கியம். மத்தியானம் மட்டும் மீனைக் குவித்துவிட்டுக் காலையையும் இரவையும் வெறும் மாச்சத்தாக விட்டால் தசைக்கு அது அவ்வளவு பயன்படாது. கருவாட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். புரதம் இருக்கிறதுதான், அதோடு வரும் உப்பு பிரஷர்காரருக்கு ஆகாது.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முதல், அடுத்த கிளினிக்கில் கிட்னி எப்படி என்று கேளுங்கள். சீனியும் பிரஷரும் சேர்ந்து பல வருடம் இருந்தால் கிட்னி கொஞ்சமாவது அடிபட்டிருக்கலாம். அப்படியென்றால் புரதத்தின் அளவை டொக்டரும் போசணையாளரும்தான் சொல்ல வேண்டும். நான் இயன்மருத்துவர், இந்த இடத்தில் கடைசிச் சொல் என்னுடையது அல்ல.

இப்போது பெட்டியைத் திறப்போம். வே புரோட்டீன் என்பது பாலில் இருந்து பிரித்தெடுத்த புரதம். அதில் மாயமும் இல்லை, நஞ்சும் இல்லை. ஒரு கரண்டி மாவில் 20 முதல் 25 கிராம், அதாவது ஒரு துண்டு மீன். கிட்னி நன்றாக இருந்து, விழுங்குவதும் சரியாக இருந்து, மேலே சொன்ன மாதிரி சாப்பாடு கொடுத்தும் இரண்டு கிழமையில் நிறை ஏறாவிட்டால், நாளுக்கு ஒரு கரண்டி கொடுக்கலாம். தயிரில் குழைத்துக் கொடுங்கள். டின்னில் சீனி சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாக மட்டும் அது வந்துவிடக் கூடாது.

விற்றமின் ஈயையும் ஜின்கோவையும் பெட்டியோடு ஒதுக்கி வையுங்கள். அப்பா அஸ்பிரின் போடுகிறார். அது இரத்தம் கட்டுவதைத் தடுக்கத்தான். ஜின்கோவும் அதே பக்கமாக இழுக்கலாம், இரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவுக்கு வழியாகலாம். விற்றமின் ஈ மாத்திரை எடுத்தவர்களில் மூளைக்குள் இரத்தம் கசிந்து வரும் பாரிசவாதம் கூடியதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள். மீன் எண்ணெய் மாத்திரையை அதிக அளவில் எடுத்தவர்களுக்கு இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஒரு கோளாறு கூடுதலாக வந்திருக்கிறது. அந்தக் கோளாறே பாரிசவாதத்துக்கு ஒரு காரணம். வாவியும் கடலும் வீட்டு வாசலில் இருக்க, மீனை டப்பாவில் அடைத்துக் கட்டாரில் இருந்து வரவழைக்க வேண்டுமா?

தசைப் பலத்துக்காக ஜிம்காரர் எடுக்கும் கிரியேட்டின் கொஞ்சம் வேறு. பயிற்சி செய்யும் ஆரோக்கியமான முதியவர்களுக்கு அது ஓரளவு உதவுகிறது. ஆனால் அதை எடுத்தால் கிட்னிக்காகச் செய்யும் கிரியேட்டினின் பரிசோதனையின் எண் உயர்ந்து காட்டும். உங்கள் அப்பா போன்றவருக்கு டொக்டர் பார்த்துக்கொண்டிருப்பதே அந்த எண்ணைத்தான். அதைக் குழப்ப வேண்டாம். தம்பியே வைத்துக்கொள்ளட்டும். பெட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் கேட்பேன்: பி12. மெட்ஃபோமினைப் பல வருடம் போடுகிறவர்களுக்கு அது குறையலாம். குறைந்தால் கால் விறைப்பும் தள்ளாட்டமும் வரும், நாங்கள் எல்லாவற்றையும் வாதத்தின் தலையில் போட்டுவிடுவோம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அடுத்தது பாரம். பெரியம்மா சொன்னதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். நான் படித்த காலத்தில் எங்களுக்கும் அதையேதான் சொல்லித் தந்தார்கள். இறுகிய தசைக்குப் பாரம் கொடுத்தால் இன்னும் இறுகும் என்று நானே எத்தனையோ பேரைத் தடுத்திருக்கிறேன். பிறகு வந்த ஆய்வுகளில் அது சரியில்லை என்று தெரிந்தது. அளவாகப் பாரம் கொடுத்தால் பலம் கூடுகிறது, இறுக்கம் கூடுவதில்லை. 2014இல் அமெரிக்க இதயச் சங்கம் பாரிசவாதக்காரருக்காக வெளியிட்ட வழிகாட்டலில் கிழமைக்கு 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு பயிற்சியும் 10 முதல் 15 தரம், 1 முதல் 3 சுற்று என்று இருக்கிறது. நாலு மாதம் போய்விட்டது, இனி என்ன என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். முதல் மூன்று மாதம் வேகமாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் தசைப் பலம் வருடம் கழிந்தும் பயிற்சியால் ஏறும்.

டம்பெல் தேவையில்லை. வீட்டில் கை வைத்த மரக்கதிரை ஒன்று இருக்கும், அது போதும். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், பாரம் விழும்போது அதன் கால் அகலும். கதிரையைச் சுவரோடு அணைத்துப் போட்டு, ஒரு தலையணையை வைத்து உயர்த்துங்கள். சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டச் சொல்லுங்கள், தடக்கி விழுந்தவர்கள் பலர். இரப்பர் செருப்பையும் கழற்றட்டும். கதிரையின் நுனிக்கு நகர்ந்து இருந்து, வலது பாதத்தை இடதை விட நாலு விரல் பின்னே வைக்க வேண்டும். விட்டால் எழும்பும்போது நல்ல கால் முழுப் பாரத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். பின்னே இருக்கும் கால் அப்படித் தப்ப முடியாது. மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை குனிந்து, எழும்பி, நிமிர்ந்து நின்று, பிறகு மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இருக்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதி வேலை வீண்.

எழும்பும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் பிரஷர் சடாரென்று ஏறும். வாய் எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சு அடைபடாது. வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் தடுமாறும், அதற்கும் இது நல்லது. நீங்கள் அவருடைய வலது பக்கம் நின்று இடுப்பைப் பிடியுங்கள். கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்க வேண்டாம்.

முதல் கிழமை எட்டுத் தரம், இரண்டு நிமிட ஓய்வு, திரும்ப எட்டு. கடைசி இரண்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டு வர வேண்டும். அப்படி வராவிட்டால் அது பயிற்சி இல்லை, பொழுதுபோக்கு. பதினைந்து லேசாக வந்துவிட்டதா, தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் லேசானால் ஒரு கிலோ அரிசிப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பட்டும். பாரம் தூக்குவது என்று நான் சொல்வது இதைத்தான். இதோடு யன்னல் கம்பியைப் பிடித்துக் குதியை உயர்த்துவது, வாசற்படியில் வலது காலை வைத்து ஏறி இறங்குவது, கட்டிலில் படுத்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது. இவை நாலும் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து, இடைநாட்களில் நடக்கட்டும். பின்னேரத் தயிரைப் பயிற்சி முடிந்த கையோடு கொடுங்கள். மறுநாள் தொடை உளைந்தால் பயப்பட வேண்டாம். மூட்டு நொந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு வீட்டில் மகன்மார் மாமரக் கொப்பில் கயிற்றைப் போட்டு, நல்ல கையால் இழுத்து விழுந்த கையை மேலே தூக்க வைத்தார்கள். தினமும் நூறு தரம். அக்கறைதான், குறை சொல்ல ஏலாது. ஆனால் வலுவில்லாத தோள்மூட்டு ஏற்கெனவே தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். அதை அப்படி இழுத்ததில் அந்த மனிதர் மாதக்கணக்கில் இரவில் நித்திரை இல்லாமல் கிடந்தார். தோளுக்கு மேலே இழுவை வேண்டாம். மேசையில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் வலது கையை வைத்து முன்னே தள்ளி இழுக்கட்டும். பந்து அமுக்குவதையும் நான் சொல்வதில்லை. அவருடைய விரலுக்கு மடங்கத் தெரியும், விரிக்கத்தான் மறந்து போயிருக்கிறது. இடது கையால் ஒவ்வொரு விரலாக விரித்து மேசையில் பதித்து வைப்பது பந்தை விட உதவும். எண்ணெய் பூசிப் பிடித்துவிடுவதில் தவறில்லை. சூட்டு ஒத்தடம் மட்டும் கவனம், விறைத்த கைக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

தம்பி அடுத்த முறை எதையாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால், மேற்கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் மெஷின் ஒன்று அனுப்பட்டும். பயிற்சிக்கு முதல் ஐந்து நிமிடம் இருத்தி இடது கையில் பாருங்கள். 180க்கு மேலோ, கீழ் எண் 110க்கு மேலோ இருந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, டொக்டரிடம் கதையுங்கள். நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வாய் கோணினால், பேச்சு குழறினால், புதிதாக ஒரு கை கால் சோர்ந்தால் "கொஞ்சம் பார்ப்போம்" என்று இருக்காமல் அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணுக்கு அடியுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் நாலரை மணித்தியாலம்தான், அதில் உங்கள் படுவான்கரையில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமும் அடங்கும்.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். பெரும்போகத்துக்குள் வரம்பில் நடப்பார் என்று நான் திகதி குறித்துத் தர மாட்டேன். தலையணை இல்லாத கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி, வளவு மணலில் பொல்லோடு தள்ளாடாமல் நடந்தால், வரம்பைப் பற்றிக் கதைக்கலாம். ஆனால் வட்டையைப் பார்க்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போங்கள், அந்த மரக்கதிரையையும் பின்னால் போட்டுக்கொண்டு. ஒரு மரத்தடியில் நிலம் இறுகின இடமாகப் பார்த்துக் கதிரையைப் போட்டால், அன்றைய பயிற்சியை அங்கேயே செய்யலாம்.